கதவில்லாத ஜீப்பும் கறுப்புக் கன்றும்

"சார், அன்னிக்கு வண்டியை நான் ஓட்டினேனா இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, போதும்."

தலையில் கட்டோடு வந்த அந்தப் பெண் நாற்காலியில் உட்காரும் முன்பே இதைக் கேட்டுவிட்டார். சர்வேயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசிக்க நேரம் வேண்டியிருந்தால் அவருடைய கண்ணாடி உடனே அழுக்காகிவிடும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. வாசல் பலகையைப் பார்த்துவிட்டு வேலித் தகராறோடு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே அவர் அலுத்துப்போயிருந்தார். மோதி நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, விபத்து எப்படி நடந்திருக்கும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சொல்வதுதான் அவருடைய தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்றபின் வீட்டு முன்னறையை மனைவியின் தங்கையோடு பங்கு போட்டுக்கொண்டார். அவள் வக்கீல். மேஜையின் ஒரு பக்கம் அவளுடைய சட்டப் புத்தகங்கள், மறு பக்கம் இவர் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருக்கும் உடைந்த ஹெட்லைட்டுகள்.

"ஓட்டினவங்களுக்கே தெரியலையா? அத்தான், கேஸ் ரொம்ப நல்லா இருக்கே!" என்றாள் வக்கீல்.

"வந்தவங்களை முதல்ல உக்காரச் சொல்லு வக்கீலம்மா."

வந்தவர் கால்நடை மருத்துவர். தோட்டம் தோட்டமாகப் போய் மாடு பார்ப்பவர். அதற்கென்றே ஒரு திறந்த ஜீப் வைத்திருந்தார். கூரை கிடையாது, கதவு கிடையாது. முன்னால் ஒரு கண்ணாடி, வலப்பக்கம் ஸ்டியரிங், இரண்டு சீட்டு, பின்னால் மருந்துப் பெட்டிகள். அவ்வளவுதான் வண்டி.

"கல்குவாரிக்குப் பின்னால ஒரு தோட்டத்துல பசு கன்னு போட்டுது சார். கன்னு ரொம்ப சோந்துபோயிருந்துச்சு. மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து ஏத்தலாம்னு முடிவு பண்ணினேன். தொப்புள்கொடியில அயோடின் தடவினது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்புறம் கண்ணு முழிச்சா மேல ஃபேன் சுத்துது, பக்கத்துல நர்ஸ் நிக்கிறாங்க. நடுவுல ஒண்ணுமே இல்லை. அழிச்சுவிட்ட மாதிரி."

குவாரிச் சாலையின் வளைவில் ஜீப் சரிவில் உருண்டிருந்தது. அவரோடு போன கம்பவுண்டரின் கால் நசுங்கிவிட்டது. ஓர் ஆபரேஷன் முடிந்தது. இன்னொன்று செய்தால்தான் நடப்பான் என்றார்கள். அவனோ போலீஸ் வந்து கேட்டபோது, "வண்டியை ஓட்டினது நான்தான்" என்று சொல்லிவிட்டான். அவனிடம் லைசென்ஸ் இல்லை.

"லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான்னா கம்பெனி கை கழுவிடுமே," என்றாள் வக்கீல்.

"கழுவியாச்சும்மா. அவன் ஆபரேஷனுக்கும் கிடையாது, எதுக்கும் கிடையாதாம். ஓட்டினதுக்கு அவன் மேல கேஸ், வண்டியைக் கொடுத்ததுக்கு என் மேல கேஸ்."

"கொடுத்திருப்பீங்களா டாக்டர்?" என்று சர்வேயர் மெதுவாகக் கேட்டார்.

மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதுதான் சார் என்னைத் தூங்கவிடாம பண்ணுது. வயல் ஓரமா அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கேன். அன்னிக்கு அசதியில, 'நீ ஓட்டுப்பா'ன்னு சொல்லியிருந்தா? அப்படீன்னா அவன் கால் போனது என்னாலதான். சொல்லலைன்னா, அவன் ஏன் இப்படிச் சொல்றான்? ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சாகணும்."

"கம்பெனி வேற என்ன சொல்லுது?"

"ரோட்டை விட்டு மேடு பள்ளத்துல ஓட்டினோமாம். முன்கண்ணாடியை மடக்கிப் போட்டுக்கிட்டு ஓட்டினோமாம். அது சட்டத்துக்கு விரோதமாம்."

வக்கீல் பொங்கிவிட்டாள். "மேடு பள்ளத்துக்குன்னே செஞ்ச வண்டியை மேடு பள்ளத்துல ஓட்டக் கூடாதா? குடையை வித்துட்டு, மழையில விரிக்காதேன்னு சொல்ற மாதிரி இருக்கே!"

சர்வேயர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் பார்வை மருத்துவரின் காலடியில் இருந்தது.

"இதே செருப்புதான் அன்னிக்கும் போட்டிருந்தீங்களா?"

"ஆமா சார். உடுப்பெல்லாம் என் தங்கச்சி துவைச்சுட்டா. இதை மட்டும் விட்டுட்டா."

"கொஞ்சம் கழட்டிக் கொடுங்க."

"அத்தான், கேஸைப் பாருங்கன்னா செருப்பைப் பாக்கறீங்களே," என்று வக்கீல் முனகினாள். ஆனால் அவளும் எட்டிப் பார்த்தாள். வலது செருப்பின் வெளிப்பக்க வாரில், வெள்ளைச் சேறு சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருந்தது. இடது செருப்பு சுத்தமாக இருந்தது. இரண்டின் அடிப்பாகத்திலும் தோட்டத்துச் செம்மண்தான்.

சர்வேயர் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு, தன் மனைவியின் செருப்பை மருத்துவருக்குக் கொடுத்தனுப்பினார். மனைவிக்கு அது மாலையில்தான் தெரிந்தது. அதைப் பற்றி இங்கே எழுதாமல் இருப்பதே நல்லது.

*

மறுநாள் இருவரும் ஜீப்பைப் பார்க்கப் போனார்கள். போலீஸ் நிலையத்தின் பின்புறத்தில் ஒரு பக்கம் நசுங்கி நின்றது அது. முன்கண்ணாடி மடங்கி பானெட்டின் மேல் படுத்திருந்தது.

"மடக்கித்தான் இருக்கு. கம்பெனி சொன்னது சரிதானோ?" என்றாள் வக்கீல் குரல் இறங்கி.

சர்வேயர் முன்கண்ணாடியைத் தூக்கித் தடவிப் பார்த்தார். வெளிப்பக்கம் முழுவதும் வெள்ளைச் சேற்றுத் துளிகள். அதற்குப் பின்னால் இருக்கும் மீட்டர் பலகையில் ஒரு துளிகூட இல்லை.

"சேறு தெறிச்சப்போ கண்ணாடி நின்னுக்கிட்டு இருந்தது. மடக்கியிருந்தா இந்த மீட்டரெல்லாம் வெள்ளையடிச்ச மாதிரி ஆகியிருக்கும். உருண்டப்போ தாழ்ப்பாள் தெறிச்சு, அப்புறம்தான் மடங்கியிருக்கு. இதோ, உடைஞ்ச தாழ்ப்பாள்."

"ஒரு பாயிண்ட் நமக்கு!" என்று கையைத் தட்டினாள் வக்கீல். பிறகு பின்பக்கம் போனாள். பெட்டிகள் வார்ப்பட்டையால் இறுக்கிக் கட்டியபடியே இருந்தன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பெட்டிதான். "அத்தான், கன்னுக்குட்டி பின்னால படுத்திருந்ததுன்னு கம்பவுண்டர் போலீஸ்ல சொல்லியிருக்கார்ல? இங்க பூனை படுக்கக்கூட இடமில்லையே."

"ம்," என்றார் சர்வேயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்து அதே மாதிரி இன்னொரு திறந்த ஜீப்பை ஒரு தெரிந்த மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிக்கொண்டு, அன்று மருத்துவர் வந்த திசையிலேயே ஓட்டுவதற்காகத் தோட்டத்துப் பக்கமாகச் சுற்றிக் குவாரிச் சாலைக்குப் போனார்கள். சர்வேயர் ஓட்டினார். இடப்பக்கம் வக்கீல், கோர்ட்டிலிருந்து நேராக வந்தவள், கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். தூசி அடங்குவதற்காகக் குவாரிக்காரர்கள் தினமும் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பார்களாம். அந்தத் தண்ணீரெல்லாம் வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளத்தில் தேங்கி, சுண்ணாம்புக் கல்தூளோடு கலந்து, பால் மாதிரி நின்றது. அந்தச் சாலையில் வேறெங்கும் ஈரமே இல்லை.

"அத்தான், மெதுவா. அத்தான்! பள்ளம்!"

அத்தான் மெதுவாகப் போகவில்லை.

வண்டி நின்றபோது வக்கீல் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை கறுப்புக் கோட்டு வெள்ளைக் கோட்டாகியிருந்தது. இடது காலிலும் அப்படியே. வலது பக்கம் ஒரு பொட்டு இல்லை.

"வேணும்னே பண்ணினீங்க."

"வேணும்னேதான் பண்ணினேன். என்னையும் பாரு." அவருடைய வலது முழங்கையிலும் வலது செருப்பிலும் வெள்ளைத் துளிகள்.

"கதவு இல்லாததால வெளிப்பக்கமா இருக்கிற உடம்புலதான் அடிக்குது," என்று மெல்லச் சொன்னாள் வக்கீல். கோட்டுக் கவலை அவள் முகத்திலிருந்து இறங்கிவிட்டது.

வளைவைத் தாண்டிச் சரிவையும் இறங்கிப் பார்த்தார்கள். சரளைக்கல்லும் காய்ந்த புல்லும்தான். சேறு என்று பேருக்குக்கூட இல்லை. சர்வேயருக்கு அது போதுமானதாக இருந்தது. அங்கிருந்து தோட்டத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

தோட்டக்காரி முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். கறுப்புக் கன்று ஒன்று அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டு நின்றது.

"இதா அது? பிழைச்சுதா?" என்றாள் வக்கீல்.

"பிழைச்சுதாவா! அவங்க ரெண்டு பேரும் அப்படி அடிபட்டுக் கிடக்காங்க, இது மட்டும் அந்தத் தம்பி பக்கத்துல நின்னுக்கிட்டு கத்துதாம். குவாரி ஆளுங்கதான் தூக்கியாந்து விட்டாங்க. டாக்டரம்மாவுக்கு நான் என்ன கைமாறு செய்யப் போறேன், சொல்லுங்க. ஆனா ஒண்ணு, கன்னு அலங்கோலமா வந்துச்சு. கறுப்புக் கன்னா கொடுத்தனுப்பினேன், பின்னங்கால் ரெண்டும் வாலும் வெள்ளைவெளேர்னு சாக்ஸ் போட்ட மாதிரி வருது. தேய்ச்சுத் தேய்ச்சு என் கை போச்சு."

"தலையில? முதுகுல?"

"அங்கெல்லாம் ஒண்ணுமில்ல. பின்னங்காலும் வாலும்தான்."

வக்கீல் ஏதோ கேட்க வாயெடுத்தாள். சர்வேயர் கன்றின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் தெரிந்த சிரிப்பைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் கம்பவுண்டரின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு அவர் போட்டிருந்த உடுப்பு?" என்று கேட்டார் சர்வேயர்.

"கத்தரிக்கோலால வெட்டி எடுத்துட்டாங்கய்யா. பையில போட்டுக் கொடுத்தாங்க. துவைக்க மனசு வரலை, தூக்கி எறியவும் மனசு வரலை. கட்டிலுக்கு அடியில இருக்கு." அவள் குனிந்து குழந்தையின் தலையைச் சரிசெய்தாள். "ஜீப்பு, கொஞ்சம் தள்ளிப் படும்மா."

"ஜீப்பா?" வக்கீல் சிரித்துவிட்டாள்.

"வெள்ளம் வந்து ரோடெல்லாம் முங்கிக் கிடந்தப்போ எனக்கு வலி வந்துடுச்சும்மா. ஒரு வண்டியும் வரமாட்டேன்னுட்டான். டாக்டரம்மாதான் ஜீப்பை எடுத்துக்கிட்டு தண்ணிக்குள்ள வந்தாங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடப் போகலை, வண்டியிலயே பொறந்துட்டா. 'நான் மாட்டுக்குத்தாம்மா பிரசவம் பாப்பேன்'னு சொல்லிக்கிட்டே பாத்தாங்க. அதுலேருந்து இவளுக்கு வீட்ல பேரு ஜீப்பு."

சர்வேயர் கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவை உண்மையிலேயே அது மங்கலாகியிருந்தது.

*

அன்று மாலை கம்பவுண்டரின் கட்டிலைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். மருத்துவர், கம்பவுண்டரின் மனைவி, வக்கீல், பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியின் அதிகாரி. அதிகாரி கெட்டவரில்லை. தினமும் பொய் கேட்டுக் கேட்டு முகம் இறுகிப்போனவர். கம்பவுண்டர் கட்டுப்போட்ட காலைத் தொங்கவிட்டபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கன்னுக்குட்டி எங்க இருந்தது?" என்றார் சர்வேயர்.

"பின்னாலங்க. படுக்க வச்சிருந்தோம்."

"பின்னால முழுக்கப் பெட்டி. கட்டுகூட அவிழலை. பெட்டி மேல படுத்திருந்தா வண்டி நடுவுல இருந்திருக்கும். சேறு படாது. ஆனா உங்க கன்னு பின்னங்காலும் வாலும் வெள்ளையா வீட்டுக்குப் போயிருக்கு. அப்போ அதோட தலை வண்டிக்கு உள்ள இருந்திருக்கு, பின்னங்கால் வெளிய நீட்டிக்கிட்டு இருந்திருக்கு. கதவில்லாத வண்டியில கன்னுக்குட்டி அப்படி இருக்கணும்னா, முன்சீட்ல உக்காந்தவர் மடியில குறுக்கா கிடந்திருக்கணும்."



"சரி, யார் மடி?" என்றார் அதிகாரி. "டாக்டர் மடியில வச்சுக்கிட்டு, இவர் ஓட்டியிருக்கலாமே?"

"நல்ல கேள்வி." சர்வேயர் கட்டிலுக்கு அடியிலிருந்த பையை எடுத்து, வெட்டுப்பட்ட பேன்ட்டை விரித்தார். தொடைப் பகுதியில் பழுப்பாக ஒரு பெரிய கறை. "இது அயோடின். அப்பத்தான் பிறந்த கன்னுக்குத் தொப்புள்ல தடவினது."

"தூக்கி வண்டியில ஏத்தும்போதுகூட ஒட்டியிருக்கலாம் சார்."

"ஒட்டியிருக்கலாம். அதனால அதை மட்டும் நம்பி நான் இங்க வரலை. முழங்காலுக்குக் கீழ பாருங்க. இடது காலோட வெளிப்பக்கம் வெள்ளைச் சேறு. வலது கால்ல இல்லை. இடது தொடையிலயும் இல்லை, ஏன்னா அங்க கன்னு மறைச்சுக்கிட்டு இருந்தது. இப்போ இதைப் பாருங்க." செருப்புகள் வெளியே வந்தன. "டாக்டரோடது. வலது செருப்புல, வெளிப்பக்கம் மட்டும் சேறு."

"அவங்க நடந்து மிதிச்சிருந்தா?"

"மிதிச்சா அடியில இருக்கும். அடியில தோட்டத்துச் செம்மண்தான் இருக்கு. விழுந்த இடத்துல ஒட்டியிருக்குமோன்னு அடுத்துக் கேப்பீங்க. விழுந்தது காஞ்ச சரளையில. அந்த ரோட்டுல வெள்ளைச் சேறு இருக்கறது ஒரே பள்ளத்துல, வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடி. பள்ளத்துக்கு அடுத்தாப்புலயே வளைவு, நடுவுல நிறுத்திச் சீட்டு மாறியிருந்தா உருளற அளவுக்கு வேகமே வந்திருக்காது. சந்தேகமிருந்தா வக்கீலம்மா கோட்டைப் பாருங்க."

வக்கீல் அதற்காகவே காத்திருந்தவள் போலக் கோட்டை உதறி விரித்தாள். "நான் இடப்பக்கம் உக்காந்தேன். இடது கை வெள்ளை. இது என் ஒரே கோட்டு, இதையும் குறிச்சுக்கோங்க."

அதிகாரியின் இறுகிய முகத்தில் முதல் தடவையாக ஓர் ஓரம் நெகிழ்ந்தது.

சர்வேயர் கட்டில் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "வண்டி குலுங்கும்போது மடியில கன்னைப் பிடிக்கவே ரெண்டு கை வேணும் தம்பி. ஸ்டியரிங் பிடிக்க மூணாவது கைக்கு எங்க போனீங்க?"

கம்பவுண்டரின் கண்ணோரம் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க ஓடி வந்துதுங்க. டாக்டரம்மா அதைக் காப்பாத்தத்தான் ஸ்டியரிங்கை ஒடிச்சாங்க. நான் முழிச்சப்போ போலீஸ் நிக்குது. ஓட்டினவங்களைத்தான் பிடிச்சுட்டுப் போவாங்கன்னு நினைச்சேன். என் பொண்ணு பொறந்த வண்டிங்க அது. அந்தம்மாவைப் பிடிச்சுட்டுப் போனா, நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு எம்பொண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்?"

"அய்யோ, என்னய்யா இது," என்று அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க காப்பாத்தறேன்னு நினைச்சு அவங்களையும் சேத்துல இழுத்து விட்டீங்களே," என்றாள் வக்கீல். ஆனால் அதட்டலாக வரவில்லை. "லைசென்ஸ் இருக்கறவங்க ஓட்டி, ஆட்டுக்குட்டிக்காக ஒடிச்சு, வண்டி உருண்டா அது விபத்து. அதுக்குத்தான் இன்சூரன்ஸே. தப்பே நடக்காதுன்னா எவன் பணம் கட்டுவான்? நீங்க ஓட்டினதாச் சொன்னதாலதான் கம்பெனி கதவை மூடிச்சு."

பிறகு அதிகாரி பக்கம் திரும்பினாள். அவள் குரல் கோர்ட்டுக்குப் போய்விட்டது. "இவர் கூலிக்கு ஏத்தின பயணி இல்லை, டாக்டர்கிட்ட சம்பளம் வாங்கற வேலையாள். வேலை நேரத்துல வண்டியில இருந்தவர். குவாரி லாரி, பால் வண்டி எல்லாம் போற ரோடு அது, அப்புறம் எப்படி ரோட்டை விட்டு ஓட்டினதாகும்? பந்தயத்துக்குப் போனா கிடையாதுன்னுதான் உங்க பாலிசியில இருக்கு. கன்னுக்குட்டிக்கு வைத்தியம் பாக்கப் போறது பந்தயமா? வண்டி தொழிற்சாலையிலேருந்து கதவில்லாமத்தான் வந்தது, அப்படித்தான் பதிவாகியிருக்கு. கண்ணாடி மடங்கினது உருண்டதுல. உடைஞ்ச தாழ்ப்பாள் அங்கேயே இருக்கு, போய்ப் பாருங்க."

அதிகாரி செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "போய்ப் பாக்கறேம்மா. நீங்க சொன்ன மாதிரியே இருந்தா, இந்தத் தம்பியோட ஆபரேஷனுக்கு நானே எழுதறேன்." எழுந்தவர் கம்பவுண்டரிடம் குனிந்தார். "எங்கிட்ட தினமும் பொய் சொல்றாங்க தம்பி. எல்லாம் தன்னைக் காப்பாத்திக்கத்தான். உங்களுது ஒண்ணுதான் வேற மாதிரி. போலீஸ்கிட்ட மட்டும் நிஜத்தைச் சொல்லிடுங்க."

இத்தனை நேரமும் மருத்துவர் சுவரோரமாக நின்றிருந்தார். இப்போது கட்டிலுக்கு வந்தார்.

"அப்போ நான்தான் ஓட்டினேன்," என்றார். பரிசு விழுந்ததைச் சொல்கிறவர் மாதிரி இருந்தது குரல். "ஏம்ப்பா, உன்கிட்ட ஸ்டியரிங்கைக் கொடுத்து உன் காலை உடைச்சுட்டேனோன்னு எத்தனை ராத்திரி செத்தேன் தெரியுமா? நான்தான் ஓட்டினேன். என் கையாலதான் ஆச்சு. இதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ நடந்தா போதும்."

"நடப்பேங்க," என்றான் கம்பவுண்டர்.

மருத்துவர் சர்வேயரைப் பார்த்துக் கைகூப்பினார். "அந்தக் கும்பிடு கன்னுக்குட்டிக்குச் சேரணும் டாக்டர்," என்றார் அவர். "அது வாலை உள்ள இழுத்துக்கிட்டு சமத்தா படுத்திருந்தா நான் திண்டாடியிருப்பேன்."

*

அதிகாரி தாழ்ப்பாளைப் பார்த்தார், பள்ளத்தையும் பார்த்தார். இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. அவசரத்தில் ஒடித்ததற்காக மருத்துவருக்கு ஒரு சின்ன அபராதம் விதித்தார்கள். அதை அவர் சந்தோஷமாகக் கட்டிவிட்டு வந்ததாக வக்கீல் சொன்னாள். அபராதம் கட்டியவர் கோர்ட்டு வாசலில் நின்று சிரித்ததை அவள் அதுவரை பார்த்ததில்லையாம்.

ஒரு நாள் காலையில் வாசலில் ஹாரன் சத்தம். ஜீப் புது வண்ணத்தில் நின்றது. இரண்டு பக்கமும் கித்தான் கதவு மாட்டியிருந்தது, சீட்டுப் பெல்ட்டும் இருந்தது. இடப்பக்கத்திலிருந்து கம்பவுண்டர் கைத்தடியை ஊன்றி இறங்கினான். அவன் பின்னாலேயே ஜீப்பு குதித்தாள்.

"சார் சொன்னபடியே கதவு போட்டாச்சு," என்றார் மருத்துவர்.

கம்பவுண்டர் தயங்கித் தயங்கி ஒரு பொட்டலத்தை வக்கீலிடம் நீட்டினான். அவளுடைய கறுப்புக் கோட்டு. அவன் மனைவி அடம்பிடித்து வாங்கிப்போய் வெளுத்து, தேய்த்து அனுப்பியிருந்தாள். "என்ன பண்ணியும் அந்தக் கை ஓரத்துல கொஞ்சம் போகலைங்க. சுண்ணாம்பு பாருங்க. வேற கோட்டு வாங்கித் தரணும்னு வீட்ல சொன்னாங்க."

வக்கீல் கோட்டை விரித்தாள். இடது முழங்கைக்குக் கீழே, மங்கலாக, வெண்மையின் சாயல். அவள் அதை அங்கேயே போட்டுக்கொண்டு பொத்தான் மாட்டினாள்.

"நாளைக்கு எனக்கு ஒரு கேஸ் இருக்கு," என்றாள். "இதைத்தான் போட்டுக்கிட்டுப் போறேன். ஏய் ஜீப்பு, எப்படி இருக்கு?"

சின்னவள் தலையைச் சாய்த்து ஆராய்ந்தாள். "அக்கா, இந்தக் கையில சேறு."

"ஆமா கண்ணு. இடப்பக்கம் உக்காந்தேன்ல."